தறப்பாளின் கீழ் ஓர் இரவு

கச்சதீவு வருஷத்தில் ஓர் இரவு மட்டும் ஊராக இருக்கும். தவக்காலத்தில், பெப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தோனியார் கோயிலில் கொடி ஏறும். சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்து கொடி இறங்கியதும் வள்ளங்கள் கிளம்பத் தொடங்கும். மத்தியானம் சாய்ந்தபின் அந்த 285 ஏக்கரில் கடற்படைக் காவலைத் தவிர மனுசர் வாசனை இல்லை. வீடு, கடை, விடுதி எதுவும் அங்கே கிடையாது. பற்றை, முள்மரம், மணல், ஒரு தேவாலயம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் இரவில் ஆயிரக்கணக்கான சனம் அங்கே வெட்டவெளியில் படுத்தெழும்புகிறது.

கூடாரமடித்து இயற்கையோடு தங்குவதைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. கொழும்பிலிருந்து வரும் பெடியள் முதுகில் மடித்த கூடாரத்தோடு நெடுந்தீவுப் படகில் ஏறுகிறார்கள். புலம்பெயர்ந்த பிள்ளைகள் காட்டு ஏரிக்கரையில் எடுத்த படங்களை அனுப்புகிறார்கள். இது ஏதோ வெள்ளைக்காரன் பழக்கம் என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்துச் சப்த தீவுகளைச் சேர்ந்தவர்களுக்கு வீட்டுக்கு வெளியே இரவைக் கழிப்பதில் பழைய பழக்கம் உண்டு. கசப்பான பழக்கமும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

கச்சதீவுக்குப் போகிற வழியே அந்த இரவின் பாதி. விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, புங்குடுதீவின் முடிவில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே வரிசை, பதிவு, பைச் சோதனை. பிறகு படகு. நெடுந்தீவுக்குப் பக்கத்தால் போகும்போது அந்தத் தீவின் தாழ்ந்த கோடு கொஞ்ச நேரம் கூட வரும். பிறகு அதுவும் விட்டுவிடும். குருநகர், பாஷையூர், நாவாந்துறை, மெலிஞ்சிமுனை என்று ஊர் ஊராக வந்து இறங்குகிறவர்கள் ஊர் ஊராகவே இடம் பிடிப்பார்கள். இரண்டு முள்மரங்களுக்கிடையே பழைய சீலையொன்றை இழுத்துக் கட்டினால் ஒரு குடும்பத்துக்கு வீடு ஆயிற்று. வசதியுள்ளவர்கள் தறப்பாள் கொண்டுவருவார்கள். கீழே பாய். தலைமாட்டில் பை. பையில் பாணும் சம்பலும், அவித்த கடலையும். தவக்கால வெள்ளி என்பதால் இறைச்சி யாரிடமும் இராது.

மறுகரையிலிருந்து ராமேஸ்வரத்தார், பாம்பனார், தங்கச்சிமடத்தார் வருவார்கள். கோயிலே அந்தக் கரையின் நேர்த்திக்கடன்தான். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சின்னக் கோயில் அது. இப்போது நிற்கும் புதுக்கோயில் 2016 டிசம்பர் 23ஆம் திகதி அபிஷேகமானது. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் 1974இல் கடல் எல்லையைப் பிரித்துக் கையெழுத்திட்டபோதும், இந்தியப் பக்கத்து யாத்திரிகர்கள் விசாவோ பிரயாணப் பத்திரமோ இல்லாமல் முன்போலவே வந்துபோகலாம் என்று ஒரு வாசகம் சேர்த்துத்தான் எழுதினார்கள். கோடு போட்டவர்களும் இந்த ஓர் இரவை விட்டுவைத்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை. சண்டைக் காலத்தில் அதுவும் போயிற்று. கடலே பூட்டிக்கிடந்த வருஷங்கள் அவை. இப்போதும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி இல்லை: 2021இல் கொரோனா, 2024இல் தங்கள் ஆட்களைச் சிறைவைத்ததைக் கண்டித்து ராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள்.

அவர்கள் வந்த வருஷங்களில் பின்னேரம் முழுக்கப் பண்டமாற்று நடக்கும். எங்கள் பக்கத்துச் சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் அவர்கள் பைக்குள் போகும். அவர்கள் பக்கத்துச் சேலையும் சாரமும் எங்கள் பைக்குள் வரும். ‘நல்லா இருக்கீங்களா’ என்று அவர்கள் கேட்க, ‘இருக்கிறம்’ என்று இவர்கள் சொல்ல, கடலில் வலை வெட்டிய கதை மட்டும் யாரும் எடுக்கமாட்டார்கள். மாலையில் சிலுவைப்பாதை. இருட்டியபின் மெழுகுதிரிகளோடு சுரூபப் பவனி. பிறகு படுக்கை. ஜெனரேற்றர் ஓடுகிற பக்கத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் வானம் தலைக்கு மேல் நெருங்கி வந்திருக்கும். காற்று சீலையை அடித்துக்கொண்டேயிருக்கும். பக்கத்துச் சீலைக்குள் யாரோ ஒரு கைக்குழந்தை அழும். அதற்கடுத்த சீலைக்குள்ளிருந்து ஒரு கிழவி அதற்குத் தாலாட்டுவாள். ஊரில் மதிலுக்கு மதில் பேச்சுவார்த்தை இல்லாத சனம் அன்றிரவு துணிச்சுவருக்குள் பேசாமல் பேசிக்கொள்ளும்.

நான் அங்கு தங்கிய இரவில் பாயை விரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இடம்பிடித்திருந்த குருநகர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, சாமானைப் பிறகு அடுக்கும். தண்ணி கொண்டுவந்தனீரோ?”

“இருக்கு ஐயா. இஞ்சயும் பவுசரில குடுக்கினமாம்.”

“குடுப்பினம். முடிஞ்சால் முடிஞ்சதுதான். இஞ்ச அந்தோனியாருக்கே தண்ணி வெளியிலயிருந்துதான் வாறது.”

அவர் சொன்னது பகிடியில்லை. கச்சதீவில் நல்ல தண்ணீர் கிடையாது. மாவட்டச் செயலகமும் கடற்படையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யாவிட்டால் அந்தத் திருவிழா நடக்காது. மனுசர் அங்கே குடியேறாததற்கு எல்லைக்கோட்டைவிடப் பெரிய காரணம் அதுதான். பெரியவருடைய கை அனுபவம் வேறு. அவர் திருவிழாவுக்கு மட்டும் வெளியே படுத்தவரல்ல. வாடிக்காரர்.

வாடி என்றால் என்ன என்று தீவாருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாடைக்கும் சோளகத்துக்கும் காற்று மாறும்போது மீன்பாடும் இடம் மாறும். தொழிலாளிகள் வள்ளத்தில் வலை, உலைமூடி, அரிசி, மா, உப்பு, தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆளில்லாக் கரையொன்றுக்குப் போய், நாலு கப்பு நட்டு, பனையோலை வேய்ந்து, அந்தப் பருவம் முழுக்க அங்கேயே கிடப்பார்கள். பாலைதீவில் அப்படிக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அங்கேயும் குடிகள் இல்லை. அங்கேயும் ஓர் அந்தோனியார் இருக்கிறார். இந்தப் புனிதர் ஆளில்லாத தீவுகளாகப் பார்த்துப் போயிருந்துகொள்கிறார் போலும். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவுக் கரையில் பருவத்துக்கு வந்து வாடி போடுகிறவர்களைப் பற்றிய நாவல்; 1978இல் படமாகவும் வந்தது. ஈழத்தில் எடுத்த படங்களில் அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள் என்றால், வாடியில் ஓர் உலகம் இருக்கிறது என்பதால்தான்.

வாடிக்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. அடுப்பு எப்போதும் காற்றுக்குக் கீழ்ப்பக்கம். ஓலையில் பொறி பட்டால் கதை முடிந்தது. தண்ணீர்ப் பாத்திரம் நிழலில். அதிலிருந்து எடுக்கிற பேணி ஒன்றே ஒன்று. முகம் கழுவக் கடல். கை கழுவக் கடல். குடிக்க மட்டும் அது. கருவாடு காயும் பரணும் படுக்கிற இடமும் எதிரெதிர்த் திசையில். ஒருவர் நோய்ப்பட்டால் தொழில் நின்றாலும் வள்ளம் கரைக்குப் போகும்.

சமையலைப் பற்றி எழுதாவிட்டால் வாடியைப் பற்றி எழுதியதாகாது. ஒடியல் கூழ் என்று இப்போது யாழ்ப்பாணத்து ஹோட்டல்களில் சின்னக் கிண்ணத்தில் வைத்து விற்கிறார்களே, அது உண்மையில் வெளியே படுக்கிற மனுசரின் சாப்பாடு. காய்ந்த பனங்கிழங்கின் மா பழுதாகாது, தூரத்துக்குக் கொண்டுபோகலாம். மிச்சமெல்லாம் கடல் கொடுக்கும். சந்தைக்குப் போகாத சின்ன மீன், கால் முறிந்த நண்டு, றால், திருக்கைத் துண்டு. ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, இருக்கிற கீரை. அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. மாவைக் கரைத்து ஊற்றி, அது தடிக்கும் பதத்தில் இறக்க வேண்டும். பெரிய பானை, சுற்றிவர எல்லோரும், ஆளுக்கொரு பிளா. பனையோலையை மடித்துக் கோலிய அந்தப் பிளாவைக் குடித்து முடித்ததும் எறிந்துவிடலாம், மண்ணோடு போய்விடும். ஒரே பானையிலிருந்து சம்மாட்டியும் கூலிக்காரனும் குடித்தார்கள். கணக்கு முடிக்கிற நாளில் சம்மாட்டி சம்மாட்டியாகிவிடுவார் என்பது வேறு கதை. வாடியை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கடனுக்கு உழைத்தவர்கள் அங்கே கிடந்தார்கள். ஆனாலும் பருவம் முடிந்தால் ஓலையைக் கழற்றி வள்ளத்தில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் கனடாவில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். பிள்ளைகள் ஒன்ராறியோவின் வடக்கே ஒரு காட்டு ஏரிக்கரையில் இடம் பதிந்திருந்தார்கள். அந்த மாகாணத்தின் முதல் பெரும் பூங்காவான அல்கொன்குவின் 1893இலேயே ஒதுக்கப்பட்டது. அங்கே காட்டில் தங்குவதற்கு நூற்றாண்டு கடந்த ஒழுங்கு இருக்கிறது. நாங்கள் போனது அதைப் போலப் பேர்போன இடமல்ல, சாதாரணமான ஒன்று. மின்சாரம் இல்லை. குளிக்க அறை இல்லை. கைப்பம்பு ஒன்று, குழிக்கழிப்பறை ஒன்று, நெருப்பு மூட்ட இரும்பு வளையம், ஒரு மரமேசை, இலக்கம் போட்ட கட்டை. அந்த இலக்கத்துக்காகத்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் முன்பே கணினி முன்னால் காத்திருந்திருக்கிறார்கள். பயின், பேர்ச் மரங்கள் தண்ணீர் விளிம்புவரை இறங்கி நிற்கின்றன. கரடி வாசம் பிடிக்கும் என்பதால் சாப்பாடு முழுவதையும் இரவில் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டுமாம். மருமகன் கொத்துரொட்டியை நெருப்பில் சூடாக்கினான். அடுத்த இலக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் வாசத்துக்கு எட்டிப் பார்த்தது. அவர்களுக்கும் ஒரு தட்டுப் போயிற்று.

அக்கா புங்குடுதீவில் வாழ்க்கைப்பட்டவள். பங்குனி சித்திரையில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அவளுடைய இடுப்புக்குத் தெரியும். ஏரியைக் கண்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பில்லை. “இவ்வளவு தண்ணியையும் சும்மா விட்டிருக்கிறாங்களே” என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரவு படுக்கும் நேரம்தான் சிக்கல் வந்தது. நல்ல கூடாரம், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், காற்று ஊதிய மெத்தை. அக்கா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். நைலோன் துணியைத் தொட்டுப் பார்த்தாள். “நான் தறப்பாளுக்குள்ள படுத்தது காணும், ராசா. நீங்கள் படுங்கோ” என்று சொல்லிவிட்டுக் காரின் பின் இருக்கையில் போய்ப் படுத்துக்கொண்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. அன்றிரவு ஏரியில் லூன் என்கிற நீர்ப்பறவை அழுதது போலக் கூவிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அது பதிவு செய்து அனுப்ப வேண்டிய அதிசயம்.

பொழுதுபோக்காகக் கூடாரமடிப்பதை ஓர் இயக்கமாக்கியவர் தோமஸ் ஹைறம் ஹோல்டிங் என்று சொல்வார்கள். லண்டனில் தையல்காரர். சைக்கிளில் கட்டிக்கொண்டுபோகிற அளவுக்குச் சின்னக் கூடாரத்தைத் தானே தைத்தார். 1901இல் சைக்கிளில் போய்க் கூடாரமடிப்போருக்கென்று ஒரு சங்கம் தொடங்கியது அவரைச் சுற்றித்தான். 1908இல் அவருடைய கையேடு வெளிவந்தது. அவர் கூடாரத்தில் முதன்முதல் படுத்தது பொழுதுபோக்குக்காக இல்லை. 1853இல், சிறுபையனாக, புதுநிலம் தேடிப்போன நூற்றுக்கணக்கானவர்களின் வண்டித் தொடரோடு அமெரிக்கச் சமவெளியைக் கடந்தபோது. குடிபெயர்வின் இரவுகளை வளர்ந்தபின் விடுமுறையாக மாற்றிக்கொண்டார். அவரால் முடிந்தது. அக்காவால் முடியவில்லை. ஹோல்டிங்கின் குடும்பம் போனது தானாக விரும்பி. அக்கா போனது ஷெல்லுக்குப் பயந்து.

1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை சனம் பரவைக்கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. அல்லைப்பிட்டியிலும் மண்டைதீவிலும் பிடித்துக்கொண்டுபோன பெடியள் பலர் திரும்பி வரவேயில்லை. 1991இல் மற்றத் தீவுகளும். போனவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் தங்கினார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே கிளம்பியபோது ஏற்கனவே இடம்பெயர்ந்திருந்தவர்கள் மறுபடி இடம்பெயர்ந்தார்கள். தென்மராட்சி, பிறகு கிளிநொச்சி, பிறகு வன்னிக் காடு. வடக்கின் காட்டையும் குளக்கரையையும் தீவுச் சனம் அறிந்தது அப்படித்தான். ஒரு குளத்தைக் கண்டால் இறங்கு, தடி வெட்டு, தறப்பாளைக் கட்டு, பதுங்குகுழி வெட்டு. மூட்டையின் மேல் கடைசியாக ஏற்றுவதும் இறங்கியதும் முதலில் எடுப்பதும் தறப்பாளாக இருந்தது. சீதனமாகக்கூட அதைக் கேட்கலாம் என்று அந்நாளில் சனம் பகிடிவிடும்.

கடைசியில் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் முட்கம்பிக்குள். வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம். மழை பெய்தால் மலக்குழி நிரம்பிக் கூடாரத்துக்குள் வரும். தண்ணீருக்கு வரிசை. அந்த வருஷம் டிசம்பர் முதலாம் திகதிவரை வாசலைத் தாண்டிப் போய்வர அனுமதி கிடைக்கவில்லை. 2012 செப்ரெம்பரில்தான் முகாம் முற்றாக மூடப்பட்டது.

ஒன்ராறியோ ஏரிக்கரையிலும் கூடாரத்துக்கு இலக்கம் உண்டு, குழிக்கழிப்பறை உண்டு, தண்ணீருக்கு நடை உண்டு. வசதி என்று பார்த்தால் அங்கே காசு கொடுத்து வாங்குவதும் இங்கே காசில்லாமல் திணித்ததும் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான். கச்சதீவில் சீலைக்குக் கீழே படுத்தவனுக்கு மெனிக் பாமில் கொடுத்ததைவிட மோசமான கூரை. ஆனாலும் ஒன்று திருவிழா, மற்றது சிறை. துணியை வைத்தோ தரையை வைத்தோ இதைப் பிரிக்க முடியாது. கயிற்றை அவிழ்த்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ‘நான் போறன்’ என்று சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். வாடிக்காரர் சொன்னார். கச்சதீவு யாத்திரிகர் சொல்கிறார். மெனிக் பாமில் சொல்ல முடியவில்லை. அக்கா காருக்குள் போய்ப் படுத்ததை நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: அன்றைக்கு அவளுக்கு மறுக்கிற வசதி இருந்தது, மறுத்தாள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. போகமாட்டேன் என்று கூடாரமடிப்பது. இரணைதீவுச் சனம் 1992இல் இடம்பெயர்ந்து கரையில், இரணைமாதா நகரில் இருந்தது. தீவு கடற்படையிடம். 2017 மே முதலாம் திகதி போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வருஷம் ஆகியும் பதில் வரவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடி கட்டிய வள்ளங்களில் ஏறி, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், தங்கள் தீவில் போய் இறங்கினார்கள். இடிந்த வீடுகளுக்கும் கோயிலுக்கும் இடையே பாயை விரித்துப் படுத்தார்கள். அந்த இரவுகள்தான் அவர்களுடைய உறுதிப்பத்திரம். கொஞ்ச நாளில் அவர்கள் அங்கே தங்குவதை அரசும் ஏற்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் யோசிக்கும்போது மணிமேகலை நினைவுக்கு வருவாள். நயினாதீவுதான் அவள் போய்ச் சேர்ந்த மணிபல்லவம் என்று நம்புகிறவர்கள் பலர். அங்கே அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். அந்த அடையாளம் சரியா பிழையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. காவியத்தில் அவள் புகாரின் உவவனத்தில் தூங்கியபோது தெய்வம் தூக்கிக்கொண்டுவந்து தீவில் விட்டுவிடுகிறது. மணலில் விழித்தெழுகிறாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தேடுகிறாள், அழுகிறாள். பிறகு புத்த பீடிகையைக் காண்கிறாள், பழம்பிறப்பு விளங்குகிறது. இந்தக் கட்டத்தைப் பக்தியோடு படிப்பவர்கள் பீடிகையில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதற்கு அடுத்தது முக்கியம். தெய்வம் அவளுக்கு மந்திரங்கள் சொல்லிக்கொடுக்கிறது: வேற்றுருவம் எடுக்க ஒன்று, வான்வழி போக ஒன்று, பசியைத் தீர்க்க ஒன்று. கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்ற அட்சய பாத்திரம் கைக்கு வருவது அதற்குப் பிறகு. காவியத்தைப் பாடிய சாத்தனார் தீவில் இருந்தவரோ இல்லையோ, தீவில் தனியே விடப்பட்ட ஒரு பெண்ணுக்கு என்ன தேவை என்று தெரிந்தவர். வெளியேற வழி, வயிற்றுக்கு வழி, ஆளடையாளம் மறைக்க வழி. எங்களுடைய பெண்களிடம் 1990இல் கேட்டிருந்தால் இதே மூன்றைத்தான் இதே வரிசையில் சொல்லியிருப்பார்கள்.

இனி நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலக் கடல். காலையில் போய்ப் பின்னேரப் படகில் திரும்புகிறவர்கள் காண்பது குதிரை, ஒல்லாந்தர் கோட்டையின் எச்சம், பெருக்கு மரம், முருகைக்கல் வேலி. படம் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடலாம். ஆனால் நெடுந்தீவின் இரவைக் காணாதவர் நெடுந்தீவைக் காணாதவர். தெற்குப் புல்வெளியில் இருட்டுக்குள் குதிரைகள் மூச்சுவிடுவது கேட்கும். சுண்ணாம்பே இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய வேலிகளுக்குள்ளால் காற்று ஊதிக்கொண்டு போகும். பெருக்கு மரத்தின் பொந்துக்குள் மழைக்கு நாலைந்து பேர் ஒதுங்கலாம். இதையெல்லாம் தேடி வருகிற பெடியளை நான் குறைசொல்லமாட்டேன். எங்கள் பிள்ளைகளும் ஒரு தறப்பாளை வெறும் தறப்பாளாகப் பார்க்கிற காலம் வரட்டும். வரத்தான் வேண்டும்.

சுற்றுலா எந்த வழியால் வருகிறது என்பதில் எனக்குக் கவலை உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை முன்பு சிறை. இப்போது கடற்படை நடத்தும் விடுதி. கைதி இருந்த அறைக்கு வாடகை கொடுத்துப் படுக்கிறார்கள். அதைப் பார்த்தபின் நெடுந்தீவுக் கரைக்கும் அப்படி ஒரு கை நீளும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. நீண்டால் முதலில் அடிபடுவது தண்ணீர்தான்.

நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பேர் வைத்த அதே ஒல்லாந்து நாட்டுப் படைப் பொறியியலாளர் ஒருவர், படோன் கைபென் என்பவர், 1880களின் இறுதியில் ஒரு கணக்கைக் கண்டார். கடலோர மண்ணில் பெய்த மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி அதைத் தாங்கி நிற்கும். திருப்பிச் சொன்னால், மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால் கீழேயிருந்து 40 அடி உப்பு ஏறிவரும். நெடுந்தீவு தட்டையான சுண்ணக்கல் தீவு. மழை ஒக்ரோபரிலிருந்து டிசம்பர்வரை, அதோடு சரி. கோடையில் குளங்கள் வற்றிக் குதிரைகள் சாகிற வருஷங்கள் உண்டு. பட்டையால் இறைத்த கிணறு வருஷம் முழுக்க இனித்தது; மோட்டர் பூட்டிய கிணறு உவர்த்துப்போனது. குளிர்ந்த நீர் விழுகிற குளியலறையோடு பத்துக் கூடாரம் போட்டு, தினமும் ஆட்களை மாற்றி, பூஞ்செடிக்கும் தண்ணீர் விட்டால், அந்தக் கரையைச் சுற்றியுள்ள வீடுகளுக்குச் சித்திரையில் குடிக்க என்ன இருக்கும்? கணக்குத் தெரிந்த யாரும் சொல்லலாம்.

ஆகவே நெடுந்தீவில் கூடாரத் தங்கலுக்கு இடம் குறிக்க வருகிறவர்களிடம், அரச அதிகாரியாக இருந்தாலும் லண்டனிலிருந்து முதல் போட வருகிற ஊர்க்காரராக இருந்தாலும், கேட்பது இவ்வளவுதான். கரையைப் பார்க்க முன் கிணற்றைப் பாருங்கள்; ஆடியிலும் ஆவணியிலும் வந்து பாருங்கள், மாரியில் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். பிரதேச செயலகம் குத்தகை கொடுப்பதானால் அந்தக் கரையில் ஏற்கனவே வலை காயப்போடுகிறவர்களின் சங்கத்துக்குக் கொடுக்கட்டும். வருகிறவர்கள் குடிக்கிற தண்ணீரைக் குறிகட்டுவானிலேயே வாங்கி ஏற்றுங்கள், வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுபோங்கள். கழிவறையைக் கிணற்றடிக்குத் தள்ளி வையுங்கள். கூடாரமடிக்க முன் பக்கத்து வீட்டில் ஒரு சொல்லுக் கேளுங்கள். கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். இரவுக்குப் புட்டும் மீன்குழம்பும் கூடக் கிடைக்கும்.